வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்குப் பழகத் தெரியுமா?

கேட்டவர் கோவைப் புறநகரில் இருக்கும் ஒரு தாய். ஒரே மகள், ஏழு வயது. தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். எழுத்து வேலையும் வாராவாரம் டெஸ்டும் பிள்ளையால் தாங்க முடியவில்லை. இப்போது இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, வீட்டிலேயே வைத்துச் சொல்லித்தருவது. இன்னொன்று, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ப்பது. மாமியார், "ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்தா புள்ளைக்கு நாலு பேர்த்தோட பழகத் தெரியாமப் போயிரும்" என்கிறார். ஹோம்ஸ்கூலிங் செய்யும் நண்பர்களோ, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பயப்படத்தான் கற்றுக்கொள்கின்றன என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

மாமியார் சொல்லும் பயம் எனக்குப் பெரிதாக இல்லை. அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். வீட்டில் படித்த பிள்ளைகள் சிலருக்குத் தேர்வுக்கு உதவியும் இருக்கிறேன். கூச்சமில்லாமல் பெரியவர்களிடம் பேசுவது, சின்னப் பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது, கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வது எல்லாம் அவர்களிடம் நன்றாகவே இருந்தன. எனக்கு உள்ள கவலைகள் வேறு இரண்டு. தாய் தகப்பன் பார்த்துப் பொறுக்கி எடுக்காத மனிதர்களோடு அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் இருக்கிறது? வீட்டுக்கு வெளியே அதைத் தினமும் பார்க்கிற பெரியவர் யாராவது இருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வீட்டிலேயே படிக்க வைப்பதற்கு நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன். கிடைப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம்.

முதலில் ஆய்வுகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டு தரப்பும் அவற்றைத்தான் தூக்கிக்கொண்டு வரும். பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. 1993-க்குள் அங்கே ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்ட அனுமதி கிடைத்துவிட்டது. 1999-ல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள், பள்ளி வயதினரில் 1.7 சதவீதம், வீட்டில் படித்தார்கள். கொரோனா காலத்தில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை கேட்டபோது, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுக்கல்வி நடப்பதாகச் சொன்னவை 2020 ஏப்ரல், மே வாக்கில் 5.4 சதவீதம், அக்டோபரில் 11.1 சதவீதம்.

பழகும் திறனைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1992-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஷையர்ஸ் செய்த முனைவர் பட்ட ஆய்வு. எட்டு முதல் பத்து வயது வரையில் வீட்டில் படித்த 70 பிள்ளைகள், பள்ளியில் படித்த 70 பிள்ளைகள். அவர்கள் விளையாடுவதைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்த வகை என்று தெரியாது. தன்மதிப்பில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சண்டை, கூச்சல், முரட்டுத்தனம் போன்ற நடத்தைச் சிக்கல்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் குறைவாக இருந்தன. அண்மையில், 2021-ல், ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செவிலியர்களின் பிள்ளைகள் 12,000-க்கும் மேற்பட்டோரை இளம்வயது வரை தொடர்ந்து பார்த்த தரவை எடுத்து அலசினார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு ஒப்பிட்டால் வீட்டில் படித்தவர்கள் தன்னார்வப் பணியிலும் மன்னிக்கும் குணத்திலும் வழிபாட்டுக்குப் போவதிலும் மேலே இருந்தார்கள். கல்லூரிப் பட்டம் பெறுவதில் கீழே இருந்தார்கள்.

ஆக, மாமியார் தோற்றுவிட்டார் என்று கைதட்ட வேண்டாம். இந்த ஆய்வுகள் எதிலும் சீட்டுக் குலுக்கிப்போட்டு, இந்தப் பிள்ளை வீட்டுக்கு, அந்தப் பிள்ளை பள்ளிக்கு என்று அனுப்பவில்லை. அப்படி அனுப்பவும் முடியாது. ஒருவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வசதியுள்ள, பிள்ளை வளர்ப்பைப் பற்றி ராத்திரி தூக்கமில்லாமல் யோசிக்கிற குடும்பங்கள்தான் இந்த வழிக்கு அதிகம் வருகின்றன. அவர்களிலும் ஆய்வுக்கு வரச் சம்மதிப்பவர்கள் தங்கள் பிள்ளையைப் பற்றி நம்பிக்கை உள்ளவர்கள். வீட்டுக்கல்வியின் பலனை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தின் வசதியையும் அக்கறையையும் அளந்துவிடுகிறோம். அதே குடும்பம் அதே பிள்ளையை ஒரு சுமாரான பள்ளிக்கு அனுப்பியிருந்தாலும் பிள்ளை நன்றாகவே வந்திருக்கக்கூடும். போதாக்குறைக்கு, சாதகமான கணக்கெடுப்புகள் பலவற்றை நடத்தியது வீட்டுக்கல்வியை ஆதரிக்கும் அமைப்புகளே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டில் படிக்கும் பிள்ளை வீட்டிலேயே அடைந்து கிடப்பதில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்புகள், தேவாலயக் குழுக்கள், ஊர் நூலகம், விளையாட்டு லீக் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பல மாநிலங்களில் அரசுப் பள்ளி அணியிலேயே போய் விளையாடலாம். கோவையில் உங்களுக்கு என்ன இருக்கிறது? பரதநாட்டிய வகுப்பு, செஸ் கோச்சிங், நீச்சல், இந்தி டியூஷன். எல்லாம் காசு கட்டிப் போகிற இடங்கள். அங்கே வரும் பிள்ளைகள் ஏறக்குறைய உங்கள் வருமானம், உங்கள் அப்பார்ட்மென்ட், சொல்லக் கூச்சமாக இருந்தாலும் பல நேரம் உங்கள் சாதி வட்டம். ஒரு மணி நேரம் முடிந்ததும் அம்மா வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். தோழிகள் கிடைப்பார்கள், பிறந்தநாளுக்கு வருவார்கள். ஆனால் அவர்கள் எல்லாருமே நீங்கள் சலித்து எடுத்தவர்கள்.

ஏழு முதல் பதினொன்று வரையான வயதில் பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் கற்பது என்ன என்று பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் நூஷாட்டலிலும் ஜெனீவாவிலும் பையன்கள் கோலி விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, விதிகளைப் பற்றி அவர்களிடமே கேட்டார். சின்னவர்களுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, தொடக்கூடாதது. பத்து வயதைத் தாண்டியவர்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இந்த இடத்துக்குப் பெரியவர்கள் சொல்லி வந்து சேர முடியாது என்பது அவர் முடிவு. சமமானவர்கள் தங்களுக்குள் மல்லுக்கட்டித்தான் வர வேண்டும். இதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "நீ அழுகுணி ஆட்டம் ஆடுறே" என்று ஒருத்தி சொல்வாள், இன்னொருத்தி காய் விடுவாள், மறுநாள் மதியம் சோற்றுத் தட்டோடு வந்து பழம் விடுவாள். நடுவில் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டு புரண்டிருக்கும். அதற்குள் ஒரு வளர்ச்சி நடந்திருக்கும்.

அம்மாக்கள் ஏற்பாடு செய்யும் விளையாட்டு நேரத்தில் இது நடப்பதில்லை. சண்டை தொடங்கிய இரண்டாவது நிமிடம் ஒரு அம்மா எழுந்து வந்து "ஷேர் பண்ணிக்கோங்க கண்ணா" என்று தீர்த்துவைத்துவிடுவார். ஒத்துவராத பிள்ளை அடுத்த வாரம் அழைக்கப்படவே மாட்டாது. பள்ளியில் அந்த வசதி கிடையாது. பிடிக்காத பிள்ளை நாளைக்கும் பக்கத்தில்தான் உட்காரும், நாளை மறுநாளும்.

நீங்கள் சொல்லும் அரசுப் பள்ளியில் இது இன்னும் கூடுதலாக இருக்கும். கோவை, திருப்பூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வந்த புதிதில் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான் சைகையில் தொடங்கிச் சொல்லித்தரும். வீட்டுக்கல்விக்காரர்கள் பள்ளியின்மேல் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு: ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே கூட்டில் அடைப்பது இயற்கைக்கு மாறானது. தனியார் பள்ளிக்கு அது பொருந்தும். நம் அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 2007-08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோதே வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாகக் கலந்து உட்கார்ந்தார்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் குழு. ஆள் பற்றாக்குறையால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. அது படிப்புக்குக் குறைதான், மறைக்கவில்லை. மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லித்தருவதும் அங்கேதான் நடக்கிறது.

அதற்காகப் பள்ளிக்கூடம் போனாலே சமத்துவம் வந்துவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். அதன்பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகள், மோதிரங்கள், நெற்றி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று அதில் சொல்ல வேண்டிய நிலைமை இருந்தது. காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாத பெற்றோரையும் அதே 2023-ல் பார்த்தோம். வகுப்பறைக்குள் ஊர் அப்படியே வந்து உட்காருகிறது. அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில் தடை செய்யப்பட்டவை. தடை செய்ததால் முழுக்க நின்றுவிட்டதா என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். உங்கள் நண்பர்கள் பயம் என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை. ஆனால் சாதியை விலக்கத்தான் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பிள்ளை சாதியைச் சந்திக்காமல் வளராது. கூட்டாளி இல்லாமல் தனியாகச் சந்திக்கும்.

இரண்டாவது கவலைக்கு வருகிறேன். இதைச் சொன்னால் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கோபித்துக்கொள்வார்கள், எனக்குத் தெரியும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குழந்தைகள் நலனுக்கான அரசு அலுவலகம் 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு பள்ளி மாவட்டங்களில் மூன்று ஆண்டுகளில் வீட்டுக்கல்வி என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட 380 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்களில் 138 பேர், அதாவது 36 சதவீதம், ஏற்கெனவே ஒருமுறையாவது துன்புறுத்தல் அல்லது கவனிப்பின்மை புகார் விசாரணைக்கு ஏற்கப்பட்ட குடும்பங்களில் இருந்தார்கள். வீட்டில் படிக்க வைப்பவர்கள் கொடுமைக்காரர்கள் என்பது இதன் பொருள் அல்ல. அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையை மற்றவர் கண்ணிலிருந்து மறைக்க விரும்புபவர்களுக்கும் அதே கதவு திறந்திருக்கிறது என்பதுதான். குழந்தைக் கொடுமையைப் பற்றி அந்த நாட்டில் அதிகம் தகவல் தருபவர்களில் முன்னால் நிற்பது ஆசிரியர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் புகார்கள் சரிந்தன. கொடுமை குறைந்தது என்று யாரும் நினைக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு இது ஏன் என்று கேட்பீர்கள். கொடுமை என்ற எல்லைக்கே போக வேண்டாம். நம் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குச் சில விஷயங்கள் தெரியாது. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது, கூப்பிட்டால் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது, பேச்சில் தடுமாற்றம் இருக்கிறது. முப்பது பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியைக்கு ஒரு வாரத்தில் கண்ணில் படும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொருமுறை வந்து பார்க்கிறது. அதோடு, பிள்ளைக்கு வீட்டில் சொல்ல முடியாத ஒன்று இருந்தால், பக்கத்து வீட்டு மாமாவைப் பற்றியோ சொந்தக்காரரைப் பற்றியோ, சொல்வதற்கு வெளியே ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று தெரிந்த யாரும் தகவல் கொடுத்தாக வேண்டும். பிள்ளை சொன்னால்தானே தெரியும்?

இந்தக் கவலைகளை வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனி வீட்டுக்கல்வியைக் கிட்டத்தட்ட அனுமதிப்பதே இல்லை. அதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2006-ல் மனு தள்ளுபடியானது. சமூகத்துக்குள் தனித்தனிச் சமூகங்கள் உருவாவதைத் தடுக்க நினைப்பதில் அரசுக்கு நியாயம் இருக்கிறது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மறுகோடியில் டெக்சாஸ்: பள்ளியில் சேர்க்காத பிள்ளையை வீட்டில் படிக்க வைப்பதாக அரசுக்குத் தெரிவிக்கக்கூட வேண்டாம். எனக்குப் பிடித்தது சிங்கப்பூர் நடுவழி. 2003 முதல் அங்கே ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டில் சொல்லித்தர விரும்புபவர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளை மற்றவர்களோடு ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும். யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நம் நாட்டில் விஷயம் இழுபறியாக நிற்கிறது. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10-வது பிரிவில் சொல்கிறது; சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நடைமுறையில் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. தேர்வுக்கு வழி இருக்கிறது: தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். படிப்பு கெட்டுப்போகும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருப்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதில் இதை யோசிப்பது அபத்தமாகத் தோன்றும்; பதினேழு வயதில் தோன்றாது.

கொரோனா அடைப்பைக் காட்டி வீட்டுக்கல்வியைக் குறை சொல்பவர்களை நம்ப வேண்டாம். நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரை 2020 மார்ச்சில் மூடிய வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. திரும்பி வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கவும் காத்திருக்கவும் திணறியது உண்மை. ஆனால் அது வாசலுக்குக்கூட வரவிடாமல், பயத்தோடு பூட்டிவைத்த காலம். அதையும் ஒரு தாய் திட்டமிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய் நடத்தும் வீட்டுக்கல்வியையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

வீடுதான் சரி என்று நானே சொன்ன பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் யாரும் ஒத்துழைக்காதபோது, சக பிள்ளைகளின் கேலி எல்லை மீறி உடம்பே படுத்துவிட்டபோது, பெற்றோரின் வேலையால் ஆண்டுக்கொரு ஊர் மாறும்போது. அண்ணன் தம்பி, தாத்தா பாட்டி, தெரு விளையாட்டு என்று ஆள் நிறைந்த வீடாக இருந்தாலும் தயக்கம் குறையும். உங்கள் நிலைமை அதுவல்ல. ஒரே பிள்ளை, அவள் பள்ளிக்கூடத்தை வெறுக்கவில்லை, அந்த ஒரு பள்ளியின் எழுத்துச் சுமையைத்தான் வெறுத்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வைத்தால் அவளுக்கு டீச்சர், தோழி, வார்டன், சமையல்காரி எல்லாம் நீங்கள் ஒருவரே. காலை பத்து மணிக்குக் கழித்தல் கணக்கில் வந்த சண்டை மதியச் சாப்பாட்டிலும் வந்து உட்காரும். அம்மாவைப் பற்றிப் புலம்பக்கூட அவளுக்கு ஆள் இருக்காது. உங்களுக்கும்தான்.

அதனால் என் யோசனை: ஜூனில் அந்த அரசுப் பள்ளியில் சேருங்கள், அரையாண்டுத் தேர்வு வரை பாருங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்திவைக்கக் கூடாது. சேர்க்கும் முன் ஒரு வேலை நாளில், இடைவேளை நேரம் பார்த்துப் போங்கள். தலைமை ஆசிரியர் அறையில் உட்காராமல் மைதானத்தில் நில்லுங்கள். பிள்ளைகள் ஆசிரியரிடம் ஓடி வந்து பேசுகிறார்களா, ஆசிரியரைக் கண்டதும் ஒதுங்குகிறார்களா? யாராவது பையன் ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தால் அதை எந்த ஆசிரியராவது கவனிக்கிறாரா? பெண் பிள்ளைகள் கழிப்பறை எப்படி இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறதா? இவை திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்த அரசுப் பள்ளியைப் பாருங்கள். எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. எழுதப் படிக்க வீட்டில் மாலையில் நீங்கள் செய்ய நினைத்ததை எல்லாம் செய்யலாம், அதற்கு யாரும் தடையில்லை.

வீட்டில் பள்ளி நடத்த நீங்கள் ஒதுக்கி வைத்திருந்த நேரத்தில் கொஞ்சத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொடுங்கள். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, யாரோ ஒருவர் பிள்ளைகளைக் கை நீட்டுகிறார் என்பதையெல்லாம் எழுத்தில் தீர்மானமாகப் போட வைக்கும் இடம் அது. உறுப்பினராவது எப்படி என்று தலைமை ஆசிரியரிடம் சேர்க்கை அன்றே கேட்டுவிடுங்கள்.